எஞ்சினுக்கு ஒரு நியாயம், வயிற்றுக்கு ஒரு நியாயம்

தீபாவளிக்கு முறுக்கு, அதிரசமெல்லாம் சுட்டு முடித்தாகிவிட்டது. வாணலியில் அரை லிட்டர் எண்ணெய் மிச்சம். என்ன செய்வீர்கள்?

‘வடிகட்டி வைத்துக்கொண்டு தாளிக்கப் பயன்படுத்துவோம்’ என்பது ஒரு கட்சி. ‘வேணாம்ப்பா, கொட்டிடுவோம்’ என்பது இன்னொரு கட்சி. அரை லிட்டர் என்பதால் விஷயம் அடுப்படியோடு முடிந்துவிடுகிறது. தினமும் நூறு லிட்டர் காய்ச்சுகிற ஓட்டலில் அப்படி முடியாது. சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் ருசி கெட்டு வாடிக்கையாளர் போய்விடுவார். ஆக, விற்கத்தான் வேண்டும். யாருக்கு விற்பது? அதில்தான் இருக்கிறது சங்கதி.

வாங்க வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதை பயோடீசல் செய்கிற ஆலைக்கு எடுத்துப் போகிறவர். இன்னொருவர் டின்னில் அடைத்துத் தெருவோரப் பலகாரக் கடைகளுக்குக் கைமாற்றி விடுகிறவர். ஒரு பேச்சுக்கு, டீசல்காரர் லிட்டருக்கு நாற்பது ரூபாய் தருகிறார், டின்காரர் நாற்பத்தைந்து தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டல் முதலாளி. யாரைக் கூப்பிடுவீர்கள்?

பதில் சொல்லும் முன், முதல் ஆளோடு போகிற எண்ணெய்க்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பழைய எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. தாவர எண்ணெய், டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டி. டீசலோடு கலந்து ஊற்றினால் வண்டி கொஞ்ச காலம் ஓடும்தான். ஆனால் நாளடைவில் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டு, உள்ளே கரி படிந்து, மெக்கானிக்கிடம் போய் நிற்கும். அதனால் முதலில் பஜ்ஜித் தூள், கசடையெல்லாம் வடிகட்டுகிறார்கள். சூடாக்கித் தண்ணீரை விரட்டுகிறார்கள். அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சோதிக்கிறார்கள். பிறகு மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்துக் கலக்கினால், கிளிசரின் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்பதைக் கழுவி, ஈரம் போக்கினால் பயோடீசல். அதற்கென்று ஐ.எஸ். 15607 என்று ஒரு தரக் கட்டளை இருக்கிறது. அதில் தேறினால்தான் சாதா டீசலோடு கலக்கலாம்.

இது ஒன்றும் நேற்றுப் பிறந்த யோசனை இல்லை. 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது ஆளோடு போகிற டின்னைப் பின்தொடர்வோம். அதற்கு யார் பரிசோதனை செய்கிறார்கள்? யாரும் இல்லை. நேராகச் சட்டிக்குப் போகிறது.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற சாலையில் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். சில நாட்களில் அந்த வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீளும். அந்த லாரியின் டாங்கில் இருக்கிற டீசலுக்கு ஐ.எஸ். 1460 என்று தரம் உண்டு. அதில் இத்தனைக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது, இத்தனைக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்று வரிக்கு வரி விதி. அந்த லாரியிலிருந்து இறங்கி, பசிக்கு நாலு பஜ்ஜி வாங்கித் தின்கிறாரே டிரைவர், அவர் வயிற்றுக்குள் போகும் எண்ணெய் எத்தனை கை மாறி வந்தது என்று கேட்க ஆள் கிடையாது. எஞ்சின் கெட்டால் லாரி ஓனருக்குச் செலவு. டிரைவர் கெட்டால்?

விதி இல்லாமல் இல்லை. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகிற கழிவுப் பொருட்களுக்கு ‘மொத்த போலார் சேர்மங்கள்’ என்று பெயர். அது 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் சட்டம். தாண்டிய எண்ணெயைத் தின்றால் ரத்த அழுத்தம், ரத்தக் குழாய் அடைப்பு, கல்லீரல் கோளாறு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே பட்டியல் போடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பும் ‘ரூகோ’ திட்டம் வந்தது. தினம் 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிறவர்கள், மிச்ச எண்ணெய் யாருக்குப் போனது என்று கணக்கு வைக்க வேண்டும் என்பது 2019 மார்ச் முதல் உத்தரவு.

சரி, அந்தச் சாலையோரக் கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போய்விடலாமா? பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“புது எண்ணெ வாங்கிப் போட்டா கட்டுப்படியாவாது சார். ரெண்டு ரூவா ஏத்துனா பக்கத்துக் கடைக்குப் பூடுவான். ‘ஒரு தபா போட்டதுதான்’னு சொல்லித்தான் டின்னு குடுக்கறான். நெஜமா பொய்யான்னு பெரிய ஓட்டலாண்ட போய் நான் கேக்க முடியுமா? என் பேரனும் இதத்தான் சார் துன்றான்.”

அவருக்குத் தெரியாது. டின்காரருக்கு அரைகுறையாகத் தெரியும். எத்தனை முறை காய்ந்தது என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் ஓட்டல் முதலாளி. அவரோ, “நான் சமைக்கச் சொல்லியா வித்தேன்?” என்பார்.

பி.காம். படித்தவர்களுக்கு 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகம் இருக்கும். சரக்கின் உரிமை கைமாறும்போது அதன் நஷ்ட அபாயமும் வாங்கினவன் தலைக்குப் போகும், வேறு மாதிரி பேசிக்கொண்டாலொழிய. வியாபாரம் நடக்க அந்த விதி வேண்டும்தான். ஆனால் நம்மில் பலர் அந்த விதியை மனசாட்சிக்கும் பொருத்திக்கொண்டுவிட்டோம். பில் போட்டாச்சு, பணம் வாங்கியாச்சு, இனிமேல் எனக்கென்ன?

எனக்கு இப்படித் தோன்றுகிறது: ஒரு பொருளின் ஆபத்து யாருக்குத் தெரியுமோ, பொறுப்பு அவரிடம்தான் நிற்கிறது. சொத்து கைமாறலாம், தெரிந்த விஷயம் கைமாறுவதில்லை. சொல்லாமல் விற்றால், அந்த லிட்டருக்கு ஐந்து ரூபாய் சொல்லாமல் இருந்ததற்கு வாங்கிய கூலி.

கண்ணுக்கு மறைந்தால் பொறுப்பும் மறைந்துவிடும் என்கிற இந்த எண்ணத்தின் விலையை வடசென்னை நிறையக் கொடுத்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, கரைக்கு வந்த கசடை வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் மீனவர்கள்தான் படகில் போய் அள்ளினார்கள். ஊர் முழுக்கப் பயன்படுத்துகிற எண்ணெயின் அழுக்கு, கடைசியில் யாரோ சிலர் கையில்.

‘எல்லாத்தையும் டீசலாக்கிட்டா சரியாப் போச்சே’ என்கிறீர்களா? அவசரப்பட வேண்டாம். 2012-13 ரயில்வே பட்ஜெட்டில் ராய்ப்பூருக்கும் சென்னைக்கும் பயோடீசல் ஆலைகள் சொல்லப்பட்டன. சென்னைக்குக் குறித்த இடம் இதே பகுதித் தண்டையார்பேட்டை. அதைக் கவனித்த ரயில்வேயின் மாற்று எரிபொருள் அமைப்பையே 2021-ல் மூடிவிட்டார்கள். திட்டங்கள் வரும், போகும். இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் பழைய எண்ணெய் டீசலுக்குச் சலுகை கொடுத்ததும் அதற்கு ஏக கிராக்கி. புதுப் பாமாயிலையே ‘பழசு’ என்று சொல்லிக் கப்பலேற்றுகிறார்களோ என்று சந்தேகம் கிளம்பியது. புதுசைப் பழசு என்றால் லாபம் அங்கே. பழசைப் புதுசு மாதிரி விற்றால் லாபம் இங்கே. எண்ணெயைச் சுத்தம் செய்ய மெத்தனால் போதும். கணக்கைச் சுத்தம் செய்ய ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் நீங்களும் நானும்தான். ஓட்டலில் பூரி நன்றாக உப்பி வந்ததா என்று பார்க்கிறோம். அடுத்த முறை பில் கொடுக்கும்போது கல்லாவில் இருப்பவரிடம் சிரித்துக்கொண்டே, “அண்ணே, உங்க கடைப் பழைய எண்ணெயை யார் எடுத்துட்டுப் போறாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையானவர் டக்கென்று பதில் சொல்லுவார். மற்றவர் கொஞ்சம் விழிப்பார். நாலு பேர் கேட்டுவிட்டால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் ஒரு பதிலைத் தயார் செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு வரும்.

அப்படியே, அந்தச் சாலையோரக் கடையில் பஜ்ஜிக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால், பக்கத்துக் கடைக்குப் போகாமல் நின்று வாங்குங்கள்.