அளக்கும் கோலும் காணும் கண்ணும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் கல்லாறு. அங்குள்ள வனக் குடியிருப்பில் மூலிகை வைத்தியத்தால் புகழ்பெற்றவர் லட்சுமிக்குட்டி அம்மா. பள்ளியில் அவர் பயின்றது எட்டாம் வகுப்பு வரையே. ஆயினும் தாயிடமிருந்து பெற்ற அறிவைக் கொண்டு, சுமார் 500 மருந்துகளை நினைவிலிருந்தே தயாரிக்க வல்லவர். 2018-இல் பாரத அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இத்தகைய அறிவை எந்த வினாத்தாள் அளந்திருக்கும்? இவ்வாறு கேட்பவர்கள், மதிப்பெண்ணும் அளவுகோலும் வீண் என்ற முடிவுக்கு விரைந்து வந்துவிடுகிறார்கள். அது சரியன்று. வைத்தியத்திலேயே அளவு இன்றியமையாதது. அளவு தவறினால் மருந்தே நஞ்சாகிவிடும்.

அளவுகோல் இல்லாத இடத்தில் மனம் போன போக்கே நீதியாகிவிடுகிறது. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளைப் பல ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். மதிப்பெண்கள் பெரிதும் மாறுபட்டன. மறு ஆண்டு வடிவியல் விடைத்தாளுக்கோ 30-க்குக் கீழிருந்து 90-க்கு மேல் வரை மதிப்பெண் கிடைத்தது. மாணவன் ஒருவனே, விடையும் ஒன்றே; திருத்தியவர்களின் மனங்களே பல.

இக்குறையைப் போக்க எழுந்ததே 'ரூப்ரிக்' எனப்படும் மதிப்பீட்டு அட்டவணை. ஒரு கட்டுரையில் கருத்து, சான்று, ஒழுங்கு, நடை ஆகிய ஒவ்வொன்றிலும் சிறப்பு எது, குறை எது என்பதை அது முன்னதாகவே எழுதி வைக்கிறது. உண்மையில் அது ஆசிரியர் மாணவனுக்கு அளிக்கும் வாக்குறுதி: "உன் முகத்தையும் குலத்தையும் கையெழுத்தையும் பாரேன், இவற்றை மட்டுமே பார்ப்பேன்." கடைசி வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

எனினும் அபாயம் ஒன்று உண்டு. கட்டங்களை நிரப்பப் பழகிய ஆசிரியர், கட்டத்திற்கு வெளியே உள்ளதைக் காண மறந்துவிடலாம். ஆற்றைப் பற்றி எழுதச் சொன்னால், மலைக்குடிச் சிறுவன் எந்தக் கரையில் எந்தப் பச்சிலை எப்போது தழைக்கும் என்று எழுதக்கூடும். முன்னுரையும் முடிவுரையும் இல்லை என்பதற்காக அவனைத் தாழ்த்தினால், பாரபட்சம் ஒழிந்ததாகாது; அது ஆசிரியரின் மனத்திலிருந்து அட்டவணைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அத்தகைய விடையைக் கண்டதும் ஆசிரியர் திருத்த வேண்டியது முதலில் தம் அட்டவணையையே. அவ்வாறு திருத்தியதை வகுப்பு முழுவதற்கும் பொதுவாக்குவதே நேர்மை.

இன்னொரு படியும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியரின் மதிப்பீட்டோடு மாணவனின் சுயமதிப்பீட்டையும் முன்னேற்ற அறிக்கையில் சேர்க்கச் சொல்கிறது. அளவுகோலின் உண்மையான பயன் அங்கேதான் உள்ளது. ஆசிரியர் கையிலிருக்கும் வரை அது தீர்ப்பு. மாணவன் கைக்கு மாறும்போது அது விவேகம். எவரும் மதிப்பெண் இடாத நாளிலும் தன் பணியைத் தானே நேர்மையுடன் நிறுத்துப் பார்க்கக் கற்றவனே கல்வி கற்றவன்.