குடம் சுமந்தவர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இழிவான வேலை என்று ஒன்று உண்டோ? இல்லை என்று விடையிறுத்து, முதலியாண்டான் வைபவத்தைச் சான்றாகக் காட்டுவது நம் வழக்கம். ஆயினும் அவ்வைபவம் நம்மையும் ஒரு கேள்வி கேட்கிறது.

பெரிய நம்பியின் திருக்குமாரத்தி அத்துழாய் புக்ககத்தில் நீராடத் துணை வேண்டியபோது, சீதனமாக ஆள் கொண்டுவரவில்லையோ என்று மாமியார் கடிந்தார். செய்தியறிந்த எம்பெருமானார், தம் மருமானும் அந்தரங்க சிஷ்யருமான ஆண்டானையே அவ்வேலைக்கு அனுப்பியருளினார். சாஸ்த்ரங்களில் வல்லவரான ஆண்டான் அங்கே தண்ணீர் சுமந்தார், தளிகை செய்தார். ஒருநாள் அவ்வில்லத்தில் ஒருவர் பொருந்தாத பொருள் உரைக்கக் கேட்டுத் திருத்தினார். அப்போதே இன்னார் என்றறிந்த வீட்டார் நடுங்கி, இனி இவ்வேலை வேண்டா என்று ப்ரார்த்தித்தனர். ஆசார்ய நியமனமின்றி விடேன் என்றார் ஆண்டான்.

வீட்டார் நடுங்கியது பண்டிதரை வேலை வாங்கிவிட்டோமே என்றுதான். ஆண்டானுக்குச் சாஸ்த்ரம் தெரியாதிருந்தால், அதுவரை அவரை நடத்திய விதம் சரியாகிவிடுமோ? குடத்தின் கனம் இருவருக்கும் ஒன்றே.

அடியோம் வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினோம். ஒரு கிளையில், அடியோம் வருமுன்பே தரை பெருக்கி, கழிப்பறை கழுவி, குடிநீர் நிரப்பிவைக்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கு நேராகும்வரை இரவில் அமர்ந்திருந்த அடியோம், அவர் பெயரைக் கேட்டது அவர் மூன்று நாள் வராதபோதுதான். அதுவும் கூலி வவுச்சரில் எழுதுவதற்காக. அதே நாட்களில் ஆண்டான் வைபவத்தைக் கோஷ்டிகளில் உருகிச் சொல்லியும் வந்தோம். இன்று உறுத்துவது அதுவே.

ஆண்டான் செய்தது கைங்கர்யம், இது கூலிவேலை அன்றோ எனலாம். செய்பவர் நினைவில் அவ்வேறுபாடு உண்டு. அதன் பயனை அனுபவிக்கும் நம் கடமையில் இல்லை. ஆத்மாக்கள் யாவும் எம்பெருமானுக்கே சேஷம் என்பது நம் ஸித்தாந்தம். அப்படியாயின் நம் அழுக்கை அகற்றக் குனிபவரும் அவன் உடைமையே. அவரைக் காணாதார்போல் கடப்பது அபசாரம். கூலி கொடுத்ததால் அக்கணக்கு தீராது.

இப்போது திவ்யதேச யாத்திரைகளில், விடுதி அறையைத் துடைக்க வருபவரிடம் முதலில் பெயர் கேட்கிறோம். அவ்வம்மையாரிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.