வரையறை நாளும் வாழ்வுரிமையும்: மும்பை மாநகர நில ஆளுகையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

எவ்விடம் சாலை, எவ்விடம் சந்தை, எவ்விடம் குடியிருப்பு என நிலத்தை வகுப்பதும், வகுத்த இடத்தில் யார் இருக்கலாம் எனச் சொல்வதும் நகர ஆளுகையின் முதற்பணிகளாகும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறது. கைவினைஞரும் சிறுவணிகரும் கடல்கடந்து வந்தோரும் முன்னதில் வாழ்ந்தனர். அரச வீதியும் பெருவணிகர் மாடங்களும் பின்னதில் இருந்தன. மொழி வேறுபட்ட மக்கள் அந்நகரில் கலந்து உறைந்தமையைப் பட்டினப்பாலை நகரின் பெருமைகளுள் ஒன்றாகவே பாடுகிறது. புகாரின் நிலப்பகுப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. எனினும், வந்து குடியேறியோர் எந்த ஆண்டுக்கு முன் வந்தவர் என்னும் வினா இவ்விரு நூல்களிலும் எழவில்லை.

அவ்வினா அண்மைக்கால நகர ஆளுகைக்கு உரியது. மும்பை மாநகரில் அது ஒரு நிலையான நடைமுறையாகவே வேரூன்றியுள்ளது. அரசு குறித்த ஒரு நாளுக்கு முன் குடிசையிட்டவர் ‘தகுதியுடையார்’. அதற்கு மறுநாள் வந்தவர் ‘தகுதியற்றார்’. மராத்தி, இந்தி, தமிழ் என எம்மொழி பேசுவோராயினும் குடிசைப்பகுதி மக்கள் அந்நாளைக் ‘கட் ஆஃப் டேட்’ என்றே வழங்குகின்றனர். அதனை வரையறை நாள் எனச் சுட்டி, ஒருவரின் வாழ்வுரிமையை ஒரு நாட்காட்டித் தேதியால் அளப்பது அறத்தின்பாற்படுமா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஆணையும் ஒரு வழக்கும்

1981 சூலை 13ஆம் நாள் மராட்டிய மாநில முதலமைச்சராக இருந்த ஏ.ஆர். அந்துலே, பம்பாயின் நடைபாதைவாசிகளும் குடிசைவாசிகளும் அகற்றப்பட்டு அவரவர் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்படுவர் என அறிவித்தார். அது கடும் மழைக்காலம். அறிவிப்பைத் தொடர்ந்து குடிசைகள் இடிக்கப்பட்டன. இதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்ற வழக்கே ‘ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி’ என வழங்கும் புகழ்பெற்ற வழக்காகும்.

மனுதாரருள் ஒருவர் சேலம் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்ற நிலமற்ற கூலித் தொழிலாளி. அவரது குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்துடன் பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். மனைவியையும் மக்களையும் ஊரில் விட்டுவிட்டு அவர் மீண்டும் பம்பாய் திரும்பி நடைபாதையிலேயே தங்கினார். ‘சொந்த ஊர்’ என்று அரசு கருதியது எது, பிழைக்கும் ஊர் என்று அவர் கண்டது எது என்பதை இவ்வொரு திரும்பல் காட்டிவிடுகிறது. அவ்வூரில் வேலை இருந்திருக்குமாயின் அவர் புறப்பட்டே இருக்கமாட்டார்.

1985 சூலை 10ஆம் நாள் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அரசமைப்பின் 21ஆம் பிரிவு கூறும் உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பு இந்தியச் சட்டச் சிந்தனைக்கு அளித்த கொடையாகும். ஒருவரின் பேச்சைக் கேட்பது சரியான முடிவுக்கு உதவும் கருவி மட்டுமன்று, அவரை மனிதராக மதித்தலும் ஆகும் என்ற கருத்தையும் நீதிமன்றம் ஏற்றது. ஆயின் நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை எனவும், அறிவிப்பின்றி அகற்ற இடமளிக்கும் 1888ஆம் ஆண்டுப் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு செல்லும் எனவும் அதே தீர்ப்பு கூறிற்று. ஆணையர் கேட்டிருக்க வேண்டிய முறையீட்டைத் தாமே கேட்டுவிட்டதாகவும் நீதிபதிகள் கருதினர். இவ்வழக்கில் தோற்றவர்களின் பெயரால்தான் அவ்வுரிமை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

1976 குடிசைக் கணக்கெடுப்பில் பதியப்பட்டு அடையாளச் சீட்டுப் பெற்றவர்க்கு மாற்றிடம் அளிக்கப்பட வேண்டும் எனவும், கணக்கில் வராதவரை 1985 அக்டோபர் 31 வரை அகற்றலாகாது எனவும் தீர்ப்பு வகுத்தமை ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது. முன்னவர்க்கு இடம், பின்னவர்க்கு மழைக்காலம் முடியும் வரை தவணை. உரிமையை விரித்த தீர்ப்பே அவ்வுரிமையின் பயனை ஒரு பதிவேட்டுடன் பிணைத்தும் விட்டது.

நகரும் நாள்

1976க்குப் பின் வரையறை நாள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1980 ஆயிற்று, 1985 ஆயிற்று, 1995 சனவரி 1 ஆயிற்று. இம்மூன்றும் மாநிலச் சட்டமன்றத் தேர்தல் ஆண்டுகள் என்பது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. 2004 தேர்தலின்போது 2000 என வாக்களிக்கப்பட்டது. தேர்தல் முடிந்த சில திங்களில், 2004 இறுதி தொடங்கி 2005 வரை, 1995க்குப் பின் வந்தவை எனப்பட்ட குடிசைகள் பல்லாயிரக்கணக்கில் இடித்துத் தள்ளப்பட்டன. 2000 சனவரி 1 என்பது 2014இல்தான் சட்டமாயிற்று. அதன்பின் 2011 சனவரி 1க்கு முன் வந்தோரும் கட்டணம் செலுத்தி வீடு பெறலாம் எனத் திருத்தப்பட்டது.

இந்நாளுக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. நிலம் அளவுக்கு உட்பட்டது. வருவோர் தொகைக்கு அளவில்லை. வரம்பு ஒன்றும் இல்லையெனின் ஆக்கிரமிப்பையே தொழிலாகக் கொண்ட இடைத்தரகர்க்கு அது ஊக்கமாகும். தேதி என்பது எல்லார்க்கும் பொது. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடம் குறைவு. அனைத்திலும் வலிய நியாயம் வாடகை கொடுத்து ‘சால்’ என்னும் வரிசைவீட்டு ஒற்றையறையில் வாழும் தொழிலாளியைப் பற்றியது. அவர் சட்டத்தை மீறவில்லை. அவருக்கு இலவச வீடும் இல்லை. பொதுநிலத்தை ஆக்கிரமித்தவர்க்கு இலவச மாற்றிடம் தருவதைப் பணப்பை திருடியவனுக்குப் பரிசளிப்பதோடு ஒப்பிட்டு, 2000ஆம் ஆண்டில் அல்மித்ரா பட்டேல் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியதும் இவ்வுணர்வின் வெளிப்பாடே எனலாம்.

ஆயின் அவ்வொற்றையறைத் தொழிலாளிக்கு வரையறை நாள் எந்த நீதியையும் செய்வதில்லை. நாள் 1995 ஆயினும் 2011 ஆயினும் அவர் பெறுவது ஒன்றுமில்லை. அவரது குறை மலிவு வாடகை வீடுகள் கட்டப்படாமையால் விளைந்தது. அயலார் குடிசையை இடிப்பதால் அது தீராது. திருட்டு உவமையும் பொருந்தவில்லை. திருடியவனை அப்பணப்பைக்கு உரியவர் வேலைக்கு அமர்த்திக் கொள்வதில்லை. நகரமோ குடிசைவாசியின் உழைப்பை அவர் வந்த நாளிலிருந்தே பெற்று வருகிறது.

கால அளவும் காலப்புள்ளியும்

நெடுங்காலம் ஓரிடத்தில் வாழ்தல் ஒருவகைப் பிடிப்பைத் தரும் என்பது சட்டமும் வழக்கும் ஒருங்கே ஏற்ற கருத்தாகும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தனியார் நிலத்துக்கு 12 ஆண்டுகள், அரசு நிலத்துக்கு 30 ஆண்டுகள் எனக் கணக்கிடுகிறது. உரியவர் அத்துணைக் காலம் வாளாவிருந்தமையும் ஒரு செயலாகவே கொள்ளப்படுகிறது. குடிசைவாசிகள் அனைவரும் நிலத்துக்கு உடைமையாளர் ஆகிவிட்டனர் என்பது ஈண்டு வாதமன்று. அச்சட்டம் காலத்தை எவ்வாறு அளக்கிறது என்பதே கருதத்தக்கது. அது அளப்பது கால அளவை. ஒவ்வோராண்டும் ஒருவரது பிடிப்பு முதிர்கிறது. நேற்று வந்தவரும் காலப்போக்கில் பழையவராகிறார்.

வரையறை நாளோ காலப்புள்ளி. அதில் முதிர்ச்சிக்கு இடமேயில்லை. 2012இல் வந்தவர் 2042இல் முப்பதாண்டு வாழ்ந்து, அங்கேயே மக்களைப் பெற்று வளர்த்து, வாக்களித்து, மின்கட்டணம் செலுத்தியிருப்பினும் ‘நாளுக்குப் பிற்பட்டவர்’ ஆகவே இருப்பார். 2010இல் வந்தவர் 2012இலேயே ‘முற்பட்டவர்’. ஆகவே இந்நாள் மனிதர்க்கும் நகருக்கும் இடையே வளர்ந்த உறவை அளக்கவில்லை.

இக்குறையை ஆட்சியாளரும் உள்ளூர அறிவர் போலும். அதனால்தான் நாள் நகர்த்தப்படுகிறது. ஆனால் நகர்த்தும் முறையிலேயே மற்றொரு கேடு நேர்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்லத் தானே முதிர்ந்திருக்க வேண்டிய உரிமை, தேர்தலுக்குத் தேர்தல் வழங்கப்படும் கொடையாக மாறிவிடுகிறது. உரிமையுடையவர் கேட்பார், கொடை பெறுபவர் காத்திருப்பார். இன்று நாளை முன்னகர்த்தும் கை நாளை அதனை நிறுத்திவைக்கவும் கூடும்.

ஓர்தலும் கண்ணோட்டமும்

வரையறை நாள் நடுவுநிலையானது என்னும் வாதத்தைத் திருக்குறளின் அரசியல் இயலோடு ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. செங்கோன்மை அதிகாரத்தின் (55) முதற்குறள் முறைசெய்தலின் படிகளைச் சொல்லும்போது ‘ஓர்தலை’ முதலில் வைக்கிறது. கண்ணோடாமை அதன்பின் வருகிறது. தேர்ந்து செய்தல் இறுதியில் நிற்கிறது. பரிமேலழகர் இதனைக் குற்றம் நாடித் தண்டம் செய்யும் முறையாகவே விளக்குவார். ஒருவரது குடியிருப்பை இடிப்பது தண்டத்தினும் எளிதன்று. ஆதலின் அவ்வரிசை இங்கும் பொருந்தும். வரையறை நாள் கண்ணோடாமையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர்தலை விட்டுவிடுகிறது. யார் இவர், ஏன் வந்தார், எதனால் பிழைக்கிறார், இடித்தபின் எங்குச் செல்வார் எனும் வினாக்களுக்கு விடையாக ஒரு தாள் போதும் என்கிறது.

அத்தாளும் எளிதில் கிடைப்பதன்று. 1995 திட்டத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது அடிப்படைச் சான்றாயிற்று. குடும்ப அட்டையையும் வாக்கையும் சொந்த ஊரிலேயே வைத்திருப்போர் உண்மையில் முன்னரே வந்திருந்தும் பிற்பட்டவராயினர். தீயிலோ வெள்ளத்திலோ இடிப்பிலோ தாள் இழந்தவரும் அவ்வாறே. இடிப்பினால் சான்று அழிய, சான்று இன்மையால் மீண்டும் இடிப்பு நேரும்.

கண்ணோடாமையைச் செங்கோன்மையில் வற்புறுத்திய வள்ளுவர், அதே அரசியல் இயலில் கண்ணோட்டத்துக்கெனத் தனி அதிகாரமே (58) வகுத்துள்ளார். முன்னது பக்கம் சாயாமை, பின்னது இரக்கம். ஆராய்ந்தவனே இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்ள முடியும்; ஆராயாதவனிடம் இரக்கம் சலுகையாகவும் நடுவுநிலை கன்னெஞ்சாகவும் முடியும்.

நீர்

வரையறை நாள் வீட்டோடு நிற்கவில்லை. குடிநீர்க் குழாய்க்கும் சென்றது. 1995க்குப் பிந்திய குடிசைகளுக்குக் குடிநீர் இணைப்பு மறுக்கப்பட்டது. மக்கள் நீரின்றி இருக்க இயலாதாகையால், தனியாரிடம் மாநகராட்சிக் கட்டணத்தினும் பன்மடங்கு விலைகொடுத்து வாங்கினர். 2014 திசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், குடியிருப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதற்காகக் குடிநீரை முற்றும் மறுத்தல் 21ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. சட்டப்படி குடியிருப்போர்க்கு இணையான வசதியை அவர்கள் கோர முடியாது எனவும் அது வரம்பிட்டது. இத்தீர்ப்பின் சிறப்பு, நில உரிமை பற்றிய வினாவைத் தீர்க்காமலேயே தேவையைத் தனியே பிரித்தெடுத்தமையாகும். நிலத்தின்மேல் ஒருவர்க்கு எவ்வுரிமை உண்டு என்பது ஆண்டுக்கணக்கில் வழக்காடத்தக்கது. தாகத்துக்கு அவ்வாறு தவணை சொல்ல முடியாது.

விதி நகர்தலின் இருவகை

குடிசைவாசிக்காக விதியைத் தளர்த்துவது நகரத் திட்டத்தையே சிதைக்கும் என்பார் உளர். அதே நகரில் பஞ்சாலை நிலங்களுக்கு நேர்ந்ததையும் அவர்கள் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். 1991ஆம் ஆண்டு விதிகள், ஆலை நிலத்தை மறுசீரமைக்கும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளர்க்கும் என வகுத்தன. 2001இல் செய்த திருத்தம் இப்பங்கீட்டைக் கட்டடமில்லாத வெற்றுநிலத்துக்கு மட்டும் உரியதாக்கிற்று. பொதுப்பங்கு பெரிதும் சுருங்கியது. 2006இல் உச்சநீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் வாழ்விழந்த ஆலைத் தொழிலாளர் பலர் வீடின்றி நின்ற நகரம் அது. அங்கும் விதிதான் நகர்ந்தது. அதற்குப் பெயர் கொள்கைத் திருத்தம்; குடிசைவாசிக்கு நகர்ந்தால் வாக்குவங்கிச் சலுகை.

முடிவெடுப்போர் யார்

1993 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு உரியனவாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது. நிலப்பயன்பாட்டை ஒழுங்குசெய்தல், குடிநீர் வழங்கல், குடிசைப்பகுதி மேம்பாடு ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். எனினும் வரையறை நாளைக் குறிப்பது மாநில அரசு. மறுவாழ்வுத் திட்டத்தை நடத்துவது அவ்வரசு அமைத்த தனி ஆணையம். இடிக்கும் வண்டி மட்டும் பெரும்பாலும் மாநகராட்சியுடையது. 2022 மார்ச்சில் உறுப்பினர் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் மாமன்றமே இல்லாமல் நிர்வாகியின் கீழ் அம்மாநகராட்சி இயங்கிற்று. வட்டத்து மக்களின் முகமறிந்த ஒரே மன்றம் ஓர்தலுக்கு உரிய இடமாக இருந்திருக்கக்கூடும். அம்மன்றத்தின் கைக்கு அவ்வினா வந்ததேயில்லை.

தாராவி மறுசீரமைப்பில் இச்சிக்கல் புதியதொரு வடிவம் கொண்டுள்ளது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல்பதனிடும் தொழிலுக்குச் சென்ற தமிழர் பல தலைமுறைகளாக வாழும் இடம் அது. அறிவிக்கப்பட்ட நெறிகளின்படி, 2000 சனவரி 1க்கு முன்னிருந்த தரைத்தளத்தார்க்கு அங்கேயே இலவச வீடு. 2011 வரை வந்த தரைத்தளத்தார்க்குக் கட்டணத்துடன் தாராவிக்கு வெளியே வீடு. மேல்தளத்தார்க்கு வெளியே வாடகை வழியில் வாங்கும் வீடு. வரையறை இப்போது நாளோடு நில்லாமல் உயரத்தையும் அளக்கிறது. தாராவியில் மேல்தளம் பெரும்பாலும் எழுந்தது மகன் மணமுடித்தபோதோ, பட்டறைக்குக் கூடுதல் ஆள் வந்தபோதோதான். தந்தை கீழே, மகன் மேலே. இருவர்க்கும் ஒரே ஏணி. கணக்கெடுப்போர் அவ்வேணியின் அடியில் ஒருவரைத் தாராவிக்குள்ளும், அதன் தலையில் மற்றவரைத் தாராவிக்கு வெளியிலும் எழுதிக்கொள்ள வேண்டியவராகின்றனர்.