பயிற்சிக்கு வராதவர்கள்

தொழிலற்றிருக்கும் ஒருவன் இலவசத் தொழிற்பயிற்சிக்குச் செல்ல மறுத்தால், அவனைச் சோம்பேறி என்று கூறும் உரிமை நமக்கு உண்டா? கற்பித்தலையே பிழைப்பாகக் கொண்ட நம்மவர் பலர் தயக்கமின்றி 'உண்டு' என்பர். வகுப்பை மறுப்பவன் நம்மையே மறுப்பதாக நமக்குத் தோன்றுகிறது போலும்!

திருகோணமலையின் வரலாறு வேறு பாடம் கூறுகின்றது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியரின் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கைமாறியது. அதனை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அவர்களிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. கப்பல்களைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள் அவை. திறன் இருக்கவே வேலை மறைந்துபோன ஊரில், 'திறன் பெற்றால் வேலை வரும்' என்னும் வாக்கை மக்கள் ஐயத்தோடு கேட்பதில் வியப்பென்ன?

இன்று பயிற்சி நெறிகள் உள்ளன. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபையும் பிறவும் அவற்றை நடத்துகின்றன. ஆயினும் 'இலவசம்' என்ற சொல்லைச் சற்றே உரசிப் பார்த்தல் வேண்டும். நிலையான வேலையின்றி, கிடைத்த நாளில் மண் சுமந்தும் கரைவலை இழுத்தும் வாழ்பவன் ஆறு மாதம் வகுப்பில் அமர்ந்தால், அந்த ஆறு மாதக் கூலியே அவன் செலுத்தும் கட்டணம். முடிவில் வேலை கிடைக்காவிடின் நட்டமும் அவனுக்கே. பயிற்றுவித்தோருக்கு ஒரு சதமும் குறையாது. அவனது மறுப்பு பெரும்பாலும் கணக்கறிந்த மறுப்பு.

கணக்கு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒஸ்திரியாவின் மரியந்தால் கிராமத்து நெசவாலை மூடப்பட்டபின் மரி யாஹோதாவும் நண்பர்களும் அங்கு நடத்திய ஆய்வு 1933இல் நூலாயிற்று. ஊர் நூலகம் கட்டணத்தை நீக்கியிருந்தது; மக்களுக்கு நேரமோ ஏராளம். எனினும் 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் போன நூல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. வேலையின்மை ஓய்வைத் தரவில்லை, விருப்பத்தையே அரித்தது.

பயிற்சியே ஏமாற்று என்று ஒதுக்கும் தோழர்களோடும் நான் உடன்படேன். வளைகுடா நாட்டு வேலைக்குச் சான்றிதழ் உதவும் என்று கண்டால் இளைஞர் சேரவே செய்கின்றனர். முன்பே அறிந்த தொழிலைச் சோதித்துத் தேசியத் தொழிற்றகைமை வழங்கும் முறையும் உண்டு. இருபது ஆண்டு சுவர் எழுப்பிய மேசனை வாங்கில் அமர்த்திச் செங்கல்லைக் காட்டிப் பாடம் நடத்தாமல், 'உமக்குத் தெரியும்' என்று ஒப்புக்கொள்ளும் முறை அது.

பயிற்சிக் காலத்துக்கு நாட்கூலிக்கு ஈடான படி கொடுக்கப்படட்டும். எத்தனை பேரை வேலைக்கு எடுப்போம் என்று முதலாளிமார் முன்கூட்டியே எழுத்தில் தரட்டும். அதன் பின்னும் வராதவன் இருந்தால், அவன் சோம்பலைப்பற்றி அப்போது பேசலாம்.