பழைய பாக்கி

"பையன்தான் வளர்ந்து ஆளாகிவிட்டானே! இனிமேல் எதற்கு அந்தப் பணம்?"

கணவன் கைவிட்ட பிறகு தனியாளாய் நின்று மகனை வளர்த்த ஒருத்தி, வராமலே போன ஜீவனாம்சப் பாக்கியைக் கேட்கத் துணிந்தால், முதலில் அவள் காதில் விழுவது இந்தக் கேள்விதான். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். பழைய சண்டை ஓய்ந்தால் போதும் என்று நினைக்கும் நல்ல உறவினர்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது.

பையன் தானாக வளர்ந்துவிடவில்லை. மாதம் 3,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு விதித்து, பத்து ஆண்டுகள் அது வராமல் போனதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,60,000 ரூபாய். தகப்பன் கொடுக்காததால் அந்தச் செலவு நின்றுவிடவில்லை. தாயின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கும். இரவில் கண் விழித்து ஊரார் துணியைத் தைத்திருப்பாள். தனக்கு வேண்டிய மூக்குக் கண்ணாடியை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட்டிருப்பாள். பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் இனிமேல் வளர்க்கும் கடமை முடியலாம். வளர்த்த செலவு எப்படி முடியும்? வாடகை கொடுக்காத குடித்தனக்காரர், வீட்டைக் காலி செய்ததாலேயே பாக்கி தீர்ந்தது என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா?

சட்டத்தின் போக்கும் யோசிக்க வைக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. கொடுக்காமல் விட்ட ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு என்று அது அதட்டுகிறது. ஆனால் தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யாவிட்டால், அதை வசூலிக்க வாரண்டு கிடையாது என்றும் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே குழந்தைக்காக விதித்த தொகை முழுவதும் தீரும் வரை கோர்ட்டு உத்தரவு உயிரோடிருக்கும். அடுப்பையும் வேலையையும் விட்டுவிட்டு வருஷந்தோறும் கோர்ட்டுப் படியேற முடியாதவள் எந்தச் சட்டத்தை நியாயம் என்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இது பழி வாங்குவதுதானே?" என்று கேட்கலாம். அவள் மனத்தில் கசப்பும் இருக்கலாம், இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். கடன் கொடுத்தவருக்குக் கோபம் இருப்பதால் கடன் பொய்யாகிவிடாது. ஒன்றை மட்டும் அவள் மறக்கக் கூடாது. பாக்கி அவளுடையது, மகனுடையதன்று. மகன் இழந்தது வேறு. காய்ச்சலில் படுத்திருந்தபோது தலைமாட்டில் அப்பா இல்லாததற்கு எந்த மாஜிஸ்திரேட்டும் தொகை போட முடியாது. அவனைத் தன் வழக்குக்கு ஆயுதமாக்காமல், தன் உழைப்பின் பெயரால் கேட்பதே அவளுக்குக் கௌரவம்.

இன்னொரு விசித்திரத்தையும் பாருங்கள். தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத தகப்பன், வசதியுள்ள மகனிடம் ஜீவனாம்சம் கேட்கவும் அதே 144-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கொடுக்காமல் ஓடியவரே ஒரு நாள் கை நீட்டிக்கொண்டு வரலாம். மகன் என்ன செய்வது? சோறு போட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். பசி இன்றைய பசி. அதற்குப் பழைய கணக்கைக் காட்டுவது மனிதத் தன்மை ஆகாது. ஆனால் மகன் போட்ட சோற்றினால் தாயின் பாக்கி தீர்ந்துவிட்டதாக யாரும் கணக்கு எழுதக் கூடாது.

அந்தக் கடனை மன்னிக்கலாமா? தாராளமாக மன்னிக்கலாம். மன்னிக்கும் உரிமை பாடுபட்டவளுக்கு மட்டுமே உண்டு. அவளுக்காக உறவினர் மன்னிக்க முடியாது. அதற்கும் முன்னால், "ஆம், நான் கொடுக்க வேண்டியதுதான்" என்று அந்த மனிதர் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல தாய்மார்கள் பணத்தைவிட இந்த ஒரு வார்த்தைக்காகவே படியேறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.