எத்தனை மாதம் நிற்கும்?

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் அமைந்த பாரிவாக்கத்தில், ஒரு தாயார் தம் மகனுடைய மோட்டார் சைக்கிளை ஏழு மாதங்களாகக் காத்து வந்தார். மகன் குவைத்திற்கு வேலைக்குச் சென்றிருந்தான். புறப்பட்ட நாள் மாலை வரை வண்டியை ஓட்டியவன், அதை வாசலோரம் சாய்த்து நிறுத்தி, சாவியைத் தாயிடம் கொடுத்து, "சீக்கிரம் வந்துடுவேம்மா" என்று சொல்லிப் போனான்.

அன்று முதல் அந்த அம்மா வண்டியை நாள் தவறாமல் துடைத்தார். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தார்ப்பாய் வாங்கி, காற்றும் நுழையாதபடி இறுகக் கட்டினார். ஞாயிறுதோறும் அடுத்த வீட்டுப் பையனை அழைத்து, பட்டனை அழுத்தி ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தச் செய்தார். தெருவில் ஓட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் அனுமதியில்லை. "அது அவன் வண்டி, சாமி. நாளைக்கு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்பார்.

தை மாதத்தில் ஒருநாள் வண்டி அசைய மறுத்துவிட்டது. எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். தார்ப்பாயை அவிழ்த்தால் சக்கர விளிம்பெல்லாம் துரு. டேங்கின் உட்சுவரும் துருவேறியிருந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பிசினாய் ஒட்டிக்கிடந்தது. பேட்டரி செத்திருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: "ரொம்ப நல்லா பாத்துக்கிட்டாங்க ஃபாதர். அதனாலதான் கெட்டுச்சு."

அவர் விளக்கிய பிறகுதான் எனக்கும் புரிந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சின் அந்த நீரை வெளியே தள்ளிவிடும். ஐந்து நிமிடம் மட்டும் உறுமிவிட்டு அடங்கும் எஞ்சினிலோ அது புகைக்குழாயிலும் எண்ணெயிலும் தங்கி, அரிக்கத் தொடங்குகிறது. பட்டனை அழுத்தும்போது பேட்டரி இழக்கும் மின்சாரம் அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவதுமில்லை. காற்றுப் புகாத தார்ப்பாய்க்குள் தரையின் ஈரம் வியர்த்து வண்டியின்மேலேயே படிகிறது. ஆக, அந்த அம்மா அன்போடு செய்த மூன்று காரியங்களில் இரண்டு வண்டியைக் கெடுத்தன. துடைத்தது மட்டும் பழுதில்லை.

வண்டியை நெடுநாள் நிறுத்தி வைப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. கனடாவின் டொராண்டோவில் குடியேறிய நம் ஈழத் தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள். பனி விழுந்து சாலையில் உப்புத் தூவும் காலம் நெருங்கியதும், அங்கு மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அதை வசந்தம்வரை துயில வைக்கிறார்கள். பழைய எண்ணெயில் அமிலமும் நீரும் கலந்திருப்பதால், அதை வசந்தத்திற்கு விடாமல் முன்னரே மாற்றிவிடுகிறார்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து அவ்வப்போது சார்ஜ் செய்கிறார்கள். சக்கரங்கள் தரையில் அழுந்தாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, எலி புகாமல் புகைக்குழாயின் வாயை அடைத்து (நம் ஊரில் குளவிக்கும் அஞ்ச வேண்டும்), காற்றுப் புகும் துணியால் மூடுகிறார்கள். அதன்பின் தொடுவதில்லை.

இதில் என்னை நிறுத்திய செய்தி பெட்ரோல் டேங்கைப் பற்றியது. நான்கைந்து மாதம் நிற்கும் வண்டிக்கு டேங்கை விளிம்புவரை நிரப்ப வேண்டுமாம். வெற்றிடம் இருந்தால் ஈரக்காற்று புகுந்து துருப்பிடிக்கும். ஓர் ஆண்டுக்கு மேல் நிற்குமென்றால் அதற்கு நேர்மாறாக, முழுதும் காலிசெய்து உள்ளே எண்ணெய் பூசிவிட வேண்டுமாம். பெட்ரோல் நாள்பட்டால் கெடும். இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எனவே, எத்தனை மாதம் என்று தெரியாமல் எதையும் சரியாகச் செய்ய இயலாது. டொராண்டோக்காரருக்கு அதை நாள்காட்டியே சொல்லிவிடுகிறது. 2020 மார்ச் 25 அன்று 21 நாள் என்று தொடங்கிய ஊரடங்கில் நமக்கு அதைச் சொல்ல ஒருவருமில்லை. வெளிநாடு போன மகன்களுக்கும் பருவம் கிடையாது.

குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் பயின்ற நாளில், அடைக்கலப்பொருளைப் பற்றிய பழைய உரோமைச் சட்டத்தை எங்களுக்குக் கற்பித்தார்கள். ஒப்படைக்கப்பட்ட பொருளை உரிமையாளரின் இசைவின்றிப் பயன்படுத்துவதை அச்சட்டம் ஒருவகைத் திருட்டாகவே கருதியது. அதே வேளையில், ஊதியமின்றிக் காப்பவன் வஞ்சகமோ பெருங்கவனக்குறைவோ இன்றிக் காத்தால் போதும் என்றும் விட்டது. இந்த அளவுகோலின்படி அந்தத் தாய் மீது எள்ளளவும் குற்றமில்லை. அறியாமையைச் சுட்டலாம் என்றால், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு என்பதே தெரியாதவரிடம் ஏன் கேட்கவில்லை என்பது எப்படி நியாயமாகும்?

என் மனம் மகனிடம் போய் நின்றது. அவனுக்கு வண்டியைத் தெரியும். இரண்டாண்டு ஒப்பந்தம் என்பதும் தெரியும். பொய் சொல்வது வேறு, உண்மையை வெளியிடாமல் வைத்திருப்பது வேறு என்று எங்கள் பாடநூல்கள் பிரித்துக் காட்டியதுண்டு. 'சீக்கிரம்' என்ற சொல்லைப் பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஆனால், நாளைக் காலையில் எடுத்துக்கொண்டு போகிறவன்போல் வண்டியை நிறுத்திவிட்டுப் போனானே, அந்த நிலையும் தாயிடம் ஒன்றைச் சொல்லத்தானே செய்தது? அவர் அதை நம்பித்தானே ஞாயிறுதோறும் எஞ்சினை ஓடவிட்டார்? இதை வஞ்சகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. புறப்படும் மாலையில், தாய் பார்த்துக்கொண்டிருக்க, பேட்டரியைக் கழற்றி டேங்கைக் காலிசெய்யும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? மாற்றல் ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பங்கு மக்களிடம் அடுத்த ஆண்டுத் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் நான். எனினும், அவன் செய்யத் தயங்கிய அரைமணி நேர வேலையின் சுமையை, ஏழு மாதமாகத் தாய்தான் சுமந்தார் என்பதை மறைக்க முடியாது.

கார்புரேட்டரைக் கழுவி முடித்த மெக்கானிக், நான் கேட்கத் தயங்கியதை அந்த அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார். "இன்னும் எத்தனை மாசம் நிக்கணும்மா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே சென்று மகனுக்குத் தொலைபேசியில் பேசினார். நீண்ட நேரம் பேசவில்லை. வெளியே வந்து, "பதினேழு மாசமாம்" என்றார். குரலில் வியப்பு இல்லை. வியப்பு எனக்குத்தான்.

"அப்போ டேங்க்கைக் காலி பண்ணிடலாம்மா. பேட்டரி இப்ப வாங்காதீங்க. தம்பி வர்றப்ப புதுசா போட்டுக்கலாம்" என்றார் மெக்கானிக். தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

அந்த அம்மா மீண்டும் உள்ளே போய், வெளுத்துப்போன பருத்திப் புடவை ஒன்றை எடுத்து வந்து, வண்டியின் நீளத்திற்குப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஒண்ணு போதுமா தம்பி, இன்னொண்ணு கொண்டாரட்டுமா?"