வழிப்போக்கர் கடன்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்திலுள்ள ஒகேனக்கல்லில், முன்பின் அறியாத பலர் ஒரே பரிசலில், அதாவது மூங்கிலால் பின்னி, முற்காலத்தில் தோல் போர்த்திய வட்ட ஓடத்தில், சிறிது நேரம் சேர்ந்து அமர்ந்து பின் பிரிகின்றனர். அந்தச் சேர்க்கை ஒருவர்மேல் ஒருவருக்குக் கடமை எதையும் உண்டாக்குகிறதா, கட்டணத்தோடு எல்லாம் தீர்ந்துவிடுகிறதா என்பது அறவியல் ஒதுக்கிவிடக்கூடிய வினா அன்று.

தமிழ் மரபு இதற்குத் தந்த தெளிவான விடை ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையில் உள்ளது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தன்னைப் புரந்த வள்ளலிடம் செல்லும் வழியைச் சொல்வதே அதன் அமைப்பு. பெற்றவன் கொடுத்தவனுக்கு எதையும் திருப்பித் தருவதில்லை. அவன் பட்ட கடன் அடுத்து வரும் வழிப்போக்கனை நோக்கி நகர்கிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் அவ்வழி எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊரினூடே செல்ல, அங்குப் பரதவர் தேறலும் சுட்ட மீனும் அளிப்பர் எனப் பாணனுக்குச் சொல்லப்படுகிறது. அந்நூல் போற்றும் ஏழு வள்ளல்களுள் ஒருவனாகிய அதியமானின் தகடூரே இன்றைய தருமபுரி. பல நாள் பலரோடு சென்றாலும் முதல் நாள் காட்டிய விருப்பத்தையே அவன் காட்டினான் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். அரசனின் களஞ்சியத்துக்கு இது இயலும். பரதவர் குடிலுக்கு எத்தனை நாள் இயலும் என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், நிலையான அமைதியைக் குறித்து 1795இல் வெளியிட்ட நூலில், விருந்தோம்பலை ஈகையாகக் கொள்ளாமல் உரிமையாக வரையறுத்தார். புவிப்பரப்பு வரம்புடையது ஆதலால், அயலான் பகைவனாக நடத்தப்படாமல் பிறர் மண்ணுக்கு வந்துபோகலாம், ஆயினும் விருந்தினனாகத் தங்க அவனுக்கு உரிமையில்லை என்பது அவர் முடிவு. இவ்வளவு கறாரான வரையறையும் வருபவனைப் பற்றியே பேசுகிறது.

ஒகேனக்கல்லில் மீன் பொரித்துத் தரும் பெண்களும் பரிசல் ஓட்டிகளும் கூலிக்கு உழைப்பவர்களே, ஆகவே விருந்தோம்பல் என்ற பேச்சே அங்கு எழாது என்பார் உண்டு. அவ்வாதம் அவசரப்பட்டது, கூலி துடுப்புப் போடுவதற்கு உரியது, பாறைகளுக்கிடையே தன் உயிரையும் பிறர் உயிரோடு ஒரே ஓடத்தில் வைப்பதற்கு அதில் விலை குறிக்கப்படவில்லை. கணியன் பூங்குன்றனார் உயிர் வாழ்வை ஆற்று நீரின் வழிச்செல்லும் புணையாகக் கண்டு, அதிலிருந்து பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். புணைக்கு அது பொருந்தும், பரிசலிலோ ஒருவர் துடுப்புப் போடப் பிறர் அமர்ந்திருக்கின்றனர். நீர்வரத்து பெருகி மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிக்கும் நாள்களில் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது: பயணி வேறு ஊர் பார்க்கச் செல்லலாம், ஓட்டிக்கு அன்று வருவாய் இல்லை. ஆற்றுப்படையிலும் நிலை ஏறக்குறைய இதுவே. பாணன் வாயால் நல்லியக்கோடனின் பெயர் அடுத்தவனுக்குச் சென்று சேர, இடைவழியில் மீன் சுட்டுக் கொடுத்தவர்கள் பெயரின்றியே நிற்கின்றனர்.